மாளிகையின் இருபத்தொன்பதாவது படி

சுவிஸ் நகரமான ஓல்டனுக்கு அருகே ஒரு கிராமத்தில், பழைய பிரபு ஒருவரின் மாளிகையைப் பதினாறு ஆண்டுகள் துப்புரவு செய்தேன். இப்போது அது கிராம நிர்வாக அலுவலகம். உள்ளே லிஃப்ட் வைக்கப் போகிறார்கள். படிக்கட்டு மாளிகையோடு கட்டப்பட்டதென்றால் தொடமாட்டார்கள். பிறகு வந்ததென்றால் இடித்துவிட்டு அந்த இடத்திலேயே வைப்பார்கள். மாளிகையின் கட்டட வரலாற்றை எழுதுபவர் இங்கே பிறந்த தமிழ்ப் பெண். தான் அளந்த குறிப்பில் படிகளின் எண்ணிக்கை விடுபட்டதால், எத்தனையென்று போனில் என்னிடம் கேட்டார். இருபத்தொன்பது என்றேன். யோசிக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை அவருடைய அறிக்கையின் நகல் தபாலில் வந்தது. பழைய வரைபடத்தில் இருபத்தெட்டுப் படிகள், இப்போது இருபத்தொன்பது, ஆகவே படிக்கட்டு பின்னாளில் மாற்றிக் கட்டப்பட்டது என்று எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை கிராமசபை முடிவெடுக்கும்.

அறிக்கையை மனைவியிடம் நீட்டினேன். எங்கள் ஊரில் படிகளை லாபம், நட்டம் என்று மாறிமாறி எண்ணுவோம். கடைசிப் படி லாபத்தில் முடிய வேண்டும். அந்தப் படிக்கட்டு நட்டத்தில் முடிந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அது என்னை அரித்தது. மேல்வாசலின் நிலைக்கட்டையையும் ஒரு படியாகச் சேர்த்துக்கொண்டேன். துடைத்துத் துடைத்து அது படியாகவே ஆகிவிட்டது.

“அந்தப் பிள்ளையிட்ட உங்கட லாப நட்டத்தைச் சொன்னனீங்களோ?” என்றாள் மனைவி.

“இல்லை.”

“அப்ப ஒரு கட்டைக்காக மாளிகைப் படியை உடைக்கப் போறாங்கள். போனை எடுங்கோ!”

போனில் சொன்ன எண்ணைப் போனிலேயே மாற்ற மனம் ஒப்பவில்லை. மறுநாள் காலை 9.12 பஸ்ஸில் போனேன். அந்தப் பெண் மாளிகையின் ஆவண அறையில் இருந்தார். நடந்ததைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

“ஐயோ அங்கிள், உங்கட கட்டையை நான் வரலாறாக்கிப் போட்டன்!”

அவரே எண்ணிக்கொண்டு ஏறினார். பதினான்காம் படியில் எதிரே வந்த அலுவலர் வணக்கம் சொல்ல, எண்ணிக்கை தவறியது. இறங்கி மறுபடி ஏறினார். இருபத்தெட்டு. அறிக்கையில் அந்த வாக்கியத்தை அடித்தார்.

“சன்னல் நாப்பத்தொண்டு எண்டும் நீங்கள்தானே சொன்னனீங்கள். அதிலயும் ஏதும் சேர்த்தனீங்களோ?”

எனக்கே நிச்சயமில்லை; குடையை எடுத்தேன். வெளியே தூறல். ஒரே குடையில், கிழக்குச் சுவரிலிருந்து எண்ணத் தொடங்கினோம்.