பையோடு பூசைக்குப் போனேன்

ஒரு சனிக்கிழமை பின்னேரம் என் வயிறு வீங்கத் தொடங்கியது. மத்தியானம் சாப்பிட்ட மரவள்ளிக்கிழங்கின் வேலை என்று நினைத்து, இஞ்சி அவித்துக் குடித்தேன். மலமும் போகவில்லை, காற்றும் பிரியவில்லை. மனைவி றெஜினாவிடம் நான் சொல்லவில்லை. இப்படிப்பட்ட விடயங்களை வாய்விட்டுக் கதைக்கும் பழக்கம் என்னிடம் இருந்ததில்லை. அடுத்த நாள் பூசையில் வாசகம் வாசிக்க வேண்டும் என்பதுதான் என் கவலையாக இருந்தது.

குருநகரில் என்னைக் கிளாக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு கந்தோரில் முப்பது வருடம் எழுதுவினைஞனாக இருந்தேன். என் அப்பு கடலுக்குப் போனவர். மீன் மணத்துக்குள் வளர்ந்த நான், உத்தியோகம் கிடைத்த நாளிலிருந்து இரண்டு நேரமும் குளித்து, வெள்ளைச் சேட்டுப் போடாமல் வாசல் படலையைத் தாண்டியதில்லை. சண்டையால் மின்சாரம் நின்று இரண்டாவது வருடம் அது. சவர்க்காரமும் கிடைக்காத காலம். றெஜினா பனங்களியில் தோய்த்து, சிரட்டைக்கரிப் பெட்டியால் அழுத்தித் தந்தாள். அப்போதும் என் கொலர் மடங்கியதில்லை.

ஞாயிறு காலை வயிறு பானைபோல் இருந்தது. போய் வாசித்தேன். அன்றைய வாசகம் தாழ்ச்சியைப் பற்றியது. குரல் நடுங்காமல் முடித்துவிட்டு, நான் இருக்கும் வாங்குக்குத் திரும்பும்போது கண் இருட்டியது. அதன்பின் நினைவிருப்பது, ஒருவர் சைக்கிள் மிதிக்க இன்னொருவர் என்னைத் தாங்கிப் பிடித்தபடி கூடவே ஓடிவந்தது மட்டுமே. சேட்டெல்லாம் வாந்தி.

என் பெருங்குடல் முறுக்கிக்கொண்டிருந்தது. வால்வுலஸ் (குடல் கயிறுபோலச் சுற்றி அடைத்துக்கொள்வது) என்றார் சத்திரசிகிச்சை நிபுணர். கட்டில் ஓரத்தில் நின்று ஆறுதலாக விளக்கினார்.

"ஐயா, உடனை திறக்க வேணும். பழுதாய்ப் போன துண்டை வெட்டினால் இப்ப பொருத்தேலாது. கொஞ்ச மாதத்துக்கு மலம் வயித்தாலைதான் வரும்."

"வயித்தாலையோ?"

"ஓம். ஒரு பை கட்டியிருக்க வேணும். பிறகு திருப்பிப் பொருத்தலாம்."

"அப்பிடியெண்டால் வேண்டாம் டொக்டர்."

அவர் கோபப்படவில்லை. பிடித்திருந்த என் மணிக்கட்டையும் விடவில்லை. "வேண்டாமெண்டால் நாளண்டைக்கு நீங்கள் இருக்கமாட்டியள்," என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் றெஜினா முந்திக்கொண்டாள். "வெட்டுங்கோ டொக்டர். பையை நான் பாக்கிறன்."

ஆண்டவருடைய சித்தத்துக்கு அமைந்து சாகத் தயாராக இருந்தேன் என்று பல நாட்கள் எனக்குள் சொல்லிக்கொண்டேன். அது பொய். நாற்றத்துக்குப் பயந்து சாகத் தயாராக இருந்தேன்.

கண் விழித்தபோது இடது பக்க வயிற்றில் ஒரு வாய் இருந்தது. கொலொஸ்டமி (பெருங்குடலை வயிற்றுச் சுவர் வழியாக வெளியே திறந்துவிடுதல்) என்று அதற்குப் பெயர். கன்னத்தின் உட்பக்கம்போலச் சிவந்து, ஈரமாக இருக்கும். தொட்டால் நோகாது. இதை வாசிக்கும் உங்களுக்கும் அப்படி ஒன்று வைக்கப்பட்டிருந்தால், முதல் கிழமை அதைப் பார்க்க முடியாமல் இருப்பது இயல்புதான். நான் ஐந்து நாள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

அதற்கு மூடவும் தெரியாது, அடக்கவும் தெரியாது. மலமோ காற்றோ வரும் நேரத்தில் வரும். அதற்கென்று செய்த பைகள் அந்த நாட்களில் எங்களுக்குக் கிடைக்கவில்லை. றெஜினா நான் உடுத்த பழைய சாரத்தைக் கிழித்து ஓர் இடுப்புப்பட்டி தைத்தாள். நடுவில் வட்டமாக ஓட்டை வெட்டி, அதில் கடைகளில் சாமான் போட்டுத் தரும் பொலித்தீன் சொப்பின் பையைக் கோத்துக் கட்டினாள்.

ஆறாம் நாள், அவள் வருமுன் நானே மாற்றிவிடலாம் என்று முயன்று, படுக்கை முழுவதையும் பழுதாக்கிவிட்டேன். அவள் வந்து பார்த்தபோது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இஞ்சை திரும்புங்கோ."

"நீ போ றெஜினா. தாதிப்பிள்ளையைக் கூப்பிடு."

"நாலு பிள்ளை பெத்தனான். உங்கடை அப்பு ஏலாமல் கிடந்த நேரம் எட்டு மாதம் பாத்தனான். எனக்கு உது புதுசில்லை. உங்களுக்குத்தான் புதுசு." சொல்லிக்கொண்டே துணியை நனைத்தாள்.

என் தகப்பனை எட்டு மாதம் அவள் கழுவித் துடைத்த காலத்தில் நான் கந்தோருக்குப் போய் வந்தேன். அந்த அறைக்குள் எத்தனை தடவை போனேன் என்று நினைத்துப் பார்த்தேன். அதிகம் இல்லை. அன்று திரும்பிப் படுத்தேன்.

தோல் புண்ணாகாமல் பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். கொதித்தாறிய நீரால் கழுவி, மெல்லிய பழந்துணியால் ஒற்றி, நன்றாக உலரவிட்ட பிறகே பட்டியைக் கட்ட வேண்டும். ஆஸ்பத்திரியில் தந்த வெள்ளைக் களிம்பு முடிந்த பிறகு, தாதி ஒருவர் சொன்னபடி முட்டையின் வெள்ளைக்கருவைத் தடவினோம். எனக்கு அது ஒத்துக்கொண்டது. உங்கள் வைத்தியரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பருப்பு, முட்டைக்கோவா இரண்டையும் விட்டேன். காற்றுக் குறைந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு மாதம் படலையைத் தாண்டவில்லை. எங்கள் பங்குச் சுவாமி வெள்ளிக்கிழமைகளில் நற்கருணை கொண்டுவந்தார். என்னைவிட இருபது வயது இளையவர், அதிகம் கதைக்காதவர். ஒருநாள் அவரிடம் மனம் விட்டுச் சொன்னேன்.

"ஆண்டவர் எனக்குத் தாழ்ச்சியைப் படிப்பிச்சுப்போட்டார் சுவாமி. நான் ஒண்டுக்கும் தகுதியில்லாதவன். இனி வீட்டோடை இருந்து செபிக்கிறன்."

அவர் கழுத்துப் பட்டியை மடித்துப் பைக்குள் வைத்தார். "குறை நினையாதேங்கோ கிளாக்கர். உது தாழ்ச்சி இல்லை. உது ரோசம்."

அந்தக் கிழமை முழுவதும் அவர்மீது கோபமாக இருந்தேன். அவர் சொன்னது பிழை என்று நிரூபிக்க எனக்குள் எத்தனையோ பதில்கள் எழுதிப் பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை.

அடுத்த கிழமை திரேசம்மா வந்தார். சந்தையில் மீன் விற்பவர், என் வயதுதான் இருக்கும். அவர் எங்கள் வீட்டுக்கு வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. ஐந்து வருடத்துக்கு முன்பு, நான் கோவில் சபையில் இருந்தபோது, அவர் ஒருநாள் சந்தையிலிருந்து நேரே மாலைப் பூசைக்கு வந்து முன்வாங்கில் இருந்தார். மீன் மணக்கிறது, பின்னுக்குப் போய் இருங்கோ என்று நான் சனத்துக்கு முன்னால் சொன்னேன். அன்றிலிருந்து பக்கவாசலோரக் கடைசி வாங்குதான் அவருடைய இடமாகியது.

ஒரு பார்சலை மேசையில் வைத்தார். உள்ளே இருபது, முப்பது சொப்பின் பைகள், ஒழுங்காக மடித்து அடுக்கியிருந்தன.

"உங்களுக்குப் பைக்குத் தட்டுப்பாடு எண்டு றெஜினா சொன்னவ. கழுவி வெயில்லை காயவிட்டனான். கொஞ்சம் மீன் மணக்கும்."

"திரேசம்மா, அண்டைக்குக் கோவிலிலை நான் உங்களை..."

"ஓம். நொந்ததுதான். மூண்டு நாள் சாப்பாடு இறங்கேல்லை."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"மறந்துட்டன் எண்டால் அது பொய். மன்னிச்சது எப்பவோ. ஆனால் ஒண்டு கேக்கிறன் அண்ணை. நீங்கள் அப்பிடிச் சொன்ன பிறகும் நான் ஒரு ஞாயிறு பூசையும் விடேல்லை. உங்களை ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. நீங்கள் ஏன் வாறியள் இல்லை?"

"மணக்கும் திரேசம்மா."

"மணக்கட்டுமன். உங்கடை அப்பு கொண்டுவந்த மீனை என்ரை அம்மா வித்தவ. அந்த மணத்திலைதானே நீங்கள் படிச்சு உத்தியோகம் எடுத்தனீங்கள்."

றெஜினா குசினிக்குள் இருந்து தேத்தண்ணியோடு வந்தாள். நாங்கள் மூவரும் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தோம்.

அந்த ஞாயிறு பையோடு பூசைக்குப் போனேன். பக்கவாசலோரம், திரேசம்மாவின் வாங்கில், எனக்கு இடம் கிடைத்தது. சுவாமி அப்பத்தை உயர்த்த, கோவில் முழுவதும் அமைதியாக இருந்த நேரத்தில் என் வயிறு நீளமாகச் சத்தம் போட்டது. முன்னால் இரண்டு மூன்று தலைகள் திரும்பின. நான் எழும்பப் பார்த்தேன்.

"இருங்கோ," என்றார் திரேசம்மா, முன்னால் பார்த்தபடியே.

இருந்தேன். காது கொதித்தது. சத்தம் இன்னொரு தரம் வந்தது. இம்முறை ஒருவரும் திரும்பவில்லை. பூசை நடந்தது.

அன்று பூசையின் தொடக்கத்தில் வாசகத்தை ஓர் இளம் ஆசிரியை வாசித்திருந்தார். ஒரு சொல்லைப் பிழையாக உச்சரித்தார். திருத்த என் நாக்கு உன்னியது. பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். இருபது வருடம் அந்த மேடையில் நின்று வாசித்தபோது நான் என் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். வாசகத்தைக் கேட்டது அன்றுதான்.

தாழ்ச்சி என்றால் தன்னைக் குறைத்துச் சொல்வது என்று நினைத்திருந்தேன். குறைத்துச் சொல்பவனும் தன்னைப் பற்றித்தானே சொல்லிக்கொண்டிருக்கிறான். நோயில் கிடந்து நான் விளங்கிக்கொண்டது வேறு. இருப்பதை இருக்கிறபடி மற்றவர் காணவிடுவது. தருவதை வாங்கிக்கொள்வது. தாழ்வுபடுத்துவது வேறு, தாழ்ச்சி வேறு. சனத்துக்கு முன்னால் திரேசம்மாவுக்கு நான் செய்தது முதலாவது. அவர் எனக்குத் தந்தது இரண்டாவது. இதையெல்லாம் எழுதுவதால் நான் தாழ்ச்சியுள்ளவனாகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கொலர் சரியாக அழுத்தப்படாவிட்டால் இப்போதும் முகம் சுருங்கும்.

ஏழாம் மாதம் குடலைத் திருப்பிப் பொருத்தினார்கள். அதன்பின் எல்லோரும் ஒன்றுக்காகவே காத்திருந்தோம். காற்றுப் பிரிந்தால்தான் குடல் வேலை செய்கிறது என்று அர்த்தம். டொக்டர் காலையும் மாலையும் வந்து கேட்டார். பக்கத்துக் கட்டிலில் இருந்த புத்தூர் வெங்காயச் செய்கைக்காரர் மணிக்கொரு தரம் கேட்டார்.

நாலாம் நாள் காலை அவரே தலையை நிமிர்த்தினார். "கிளாக்கர், போச்சுதோ?"

"ஓம். போச்சுது."

"டொக்டர் வந்தால் நான்தான் சொல்லுவன்," என்றார். வார்டு முழுவதும் சிரித்தது. தையல் நோக நோக நானும் சிரித்தேன். பகல் வெளிச்சத்தில், இருபது பேருக்கு முன்னால், அந்த விடயத்துக்காக நான் சந்தோசப்பட்டேன்.

தொண்ணூற்றைந்தின் கடைசியில், சண்டை நெருங்க, ஊரோடு நாங்களும் நடந்து தென்மராட்சிக்கு வந்தோம். கொடிகாமத்தில் தோட்டம் செய்யும் ஒரு சைவக் குடும்பத்தின் வளவில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். எத்தனை நாளைக்கு என்று தெரியாது. முன்பென்றால் நாட்காட்டியில் கோடு போட்டுக்கொண்டிருந்திருப்பேன். இப்போது காலையில் வயிறு தன் வேலையைத் தானாகச் செய்து முடித்தால், அந்த நாளுக்கு அதுவே போதும் என்று தோன்றுகிறது. உடம்பு என் சொல்லுக்குக் கட்டுப்பட்டது என்று ஒரு காலம் நினைத்திருந்தேன். அதுதான் ஒவ்வொரு நாளும் என்னைப் பொறுத்துப் போயிருக்கிறது.

நேற்றுக் காலை வீட்டுக்காரர் செல்லத்துரை கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார். ஆட்களுக்கு முன்னால் பெனியனைக் கழற்றாத நான், சாரத்தோடு மட்டும் போய் நின்றேன். அவர் என் வயிற்றைப் பார்த்தார்.

"உது என்ன, ஒப்பிறேசனோ?"

சொன்னேன். பையையும், பூசையில் வந்த சத்தத்தையும் விடாமல் சொன்னேன். வாளியைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். பிறகு தேங்காய்ப் பொச்சுத்துண்டு ஒன்றை எடுத்துத் தண்ணீரில் நனைத்தார்.

"திரும்புங்கோ, முதுகு தேய்ச்சு விடுறன்."

வெயில் இன்னும் ஏறவில்லை. எனக்குப் போக ஓர் இடமும் இருக்கவில்லை, அவசரமும் இருக்கவில்லை. கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றேன்.