லீக்ஸை எங்கே வைப்பது?

என் கணவரின் தங்கைக்கும் எனக்கும் ஒரே வயது. ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், ஒரே லயத்து வரிசையில், அடுத்தடுத்த வீடுகளில் இருந்தோம். நான் தோட்டத்து முன்பள்ளியில் படிப்பித்தேன். அவள் உயர்தர வகுப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். அரசாங்க அலுவலக வேலைக்கு விண்ணப்பம் கேட்டார்கள். இருவரும் போட்டோம்.

பொது அறிவும் மொழியும் எப்படியோ சமாளிக்கலாம். நுண்ணறிவு வினாத்தாளில் வரும் வரிசைக் கணக்குகள்தான் எனக்கு வினை. யார் உயரம், யார் குள்ளம், யாருக்குப் பின்னால் யார் என்று கேட்டாலே குழம்பிவிடுவேன்.

ஒரு மாலை சமையலுக்கு மரக்கறி நறுக்கிக்கொண்டே அவள் புத்தகத்திலிருந்து வாசித்தாள்: “க, சவைவிட உயரம். ட, கவைவிட உயரம். தவும் சவைவிட உயரம். ஆக உயரமானவர் யார்?”

“ட” என்றேன்.

“த ஏன் இருக்கக்கூடாது?”

அவள் தரையில் ஒரு போஞ்சியை வைத்தாள், அதுதான் ச. அதற்கு மேலே க என்று கரட், அதற்கும் மேலே ட என்று கத்தரிக்காய். கையில் மிஞ்சியிருந்த, வெங்காயத்தாள் போல நீண்ட லீக்ஸ்தான் த.

“இத எங்க வைக்க, அண்ணி?”

போஞ்சிக்கு மேலே எங்கே வைத்தாலும் சரியாகத்தான் இருந்தது. கத்தரிக்காய்க்கு மேலேகூட. கடைசித் தெரிவில் ‘தீர்மானிக்க முடியாது’ என்று இருந்தது. ஆனால் புத்தகத்தின் பின்பக்க விடை ‘ட’. எனக்கோ அச்சில் இருப்பதை மறுக்கத் துணிவில்லை. “நமக்குத்தான் வெளங்கல போல” என்றேன். அவள் விடவில்லை. வேலை முடிந்து வந்த என் கணவர் எங்கள் சண்டையைப் பார்த்துவிட்டு, “மொதல்ல கொழம்ப வைங்க ரெண்டு பேரும்” என்றார்.

அந்தச் சனிக்கிழமை, நாங்கள் இருவரும் போய்வந்த பதுளைப் பரீட்சை வகுப்பில் அவள் அதைக் கேட்டாள். ஆசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர். புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “விடை பிழை, பிள்ளை. நீங்கள் சொல்லுறதுதான் சரி.” பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பரீட்சையில் அவள் தேறினாள். எனக்குச் சில புள்ளிகள் போதவில்லை. முடிவை போனில் பார்த்தவள் என் வாசலில் வந்து நின்றாள்.

“நான் வேலைக்குப் போகல அண்ணி. அடுத்த தடவ ரெண்டு பேரும் சேந்தே எழுதுவோம்.”

“பைத்தியமா புள்ள ஒனக்கு? கெடச்சத விட்டுட்டு நிக்கப் போறியா?”

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கு உள்ளே எரிந்தது. அடுப்பை ஊதுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளுக்குத் தெரிந்திருக்கும். அருகில் வந்து உட்கார்ந்து, என்னை அழவிட்டாள்.

பதுளையில் அவளுக்கு வேலை. வாரக் கடைசியில் வீட்டுக்கு வருவாள். களைப்போடு களைப்பாக என்னை உட்காரவைத்துக் கணக்குச் செய்யவைப்பாள். அவசரப்படும்போதெல்லாம், “பென்சில கீழ வைங்க. திரும்ப வாசிங்க” என்பாள்.

மறுபடி விண்ணப்பம் கேட்டபோது எழுதினேன். மொனராகலையில் வேலை கிடைத்தது. மலையிலேயே வளர்ந்த எனக்கு அந்த வெயில் லேசில் பழகவில்லை. முதல் நாள் அலுவலகம் விட்டு வெளியே வந்ததும் அவளுக்குத்தான் போன் எடுத்தேன். சாப்பிட்டீர்களா என்றுதான் முதலில் கேட்டாள்.