வீடியோவில் இரண்டு நொடி

தனபாலனுக்கு வயது ஐம்பத்து நான்கு. அதில் இருபத்தாறு வருடம் தொழிற்சாலை பஸ் ஓட்டியே போய்விட்டது. நியாலாஸ் பக்கத்துத் தோட்டங்களில் ஆட்களை ஏற்றி, ஷிப்ட் தொடங்குமுன் தொழிற்சாலையில் கொண்டுபோய் இறக்குவார். போன பிப்ரவரியில் டுரியான் துங்கால் ஊருக்குப் போகும் வழியில், சந்திலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் பஸ்ஸின் முன்னால் பாய்ந்தது. ஓட்டி வந்தவர் அங்கேயே இறந்துபோனார்.

கவனக்குறைவாக ஓட்டினார் என்று அவர்மேல் வழக்கு. தோற்றால் லைசென்ஸ் போகும், சிறையும் உண்டு.

வக்கீல் ஷாமினி வீட்டுக்கே வந்து, பஸ் கேமராவில் பதிவானதைக் கைப்பேசியில் காட்டினார். மோட்டார் தெரிந்தது. சத்தம் கேட்டது. முடிந்தது.

"மீதியப் போடுங்கம்மா," என்றார் தனபாலன்.

"மீதி இல்ல அங்கிள். மோட்டார் தெரிஞ்சதுலேருந்து இடிச்சது வரைக்கும் இவ்ளோதான், ரெண்டு செகண்டு."

அவர் நம்பவில்லை. அந்த ஆளின் ஹெல்மெட் வார் மாட்டாமல் தொங்கியதை அவர் பார்த்திருந்தார். கைப்பிடியில் ரொட்டிப் பை ஆடியது, அந்த ஆள் திரும்பியது, ஏதோ சொல்ல வாயெடுத்தது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, நிதானமாக நடந்தன.

"நேரம் இருந்துச்சும்மா. பிரேக் போட்டிருக்கலாம்." மீன் விலை சொல்வதுபோல் சொன்னார்.

மனைவி பவானேஸ்வரி தேநீரை வைத்தார். "கேக்கறவங்ககிட்ட எல்லாம் இதையே சொல்லிக்கிட்டிருக்காரு. கோர்ட்லயும் சொல்லிட்டு உள்ள போயி படுத்துக்கலாம்னு பாக்கறாரு போல."

"பயத்துல மனசு கண்டதையெல்லாம் சேத்து வச்சுக்கும், அங்கிள். பின்னால நெனைக்கறப்ப நீளமாத் தெரியும். நடந்தப்ப அவ்ளோ நேரம் இல்ல லா."

"நான்தானே அங்க இருந்தேன்."

ஷாமினி வீடியோவை மறுபடி ஓடவிட்டார். தனபாலன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, பார்ப்பதாகவும் தெரியவில்லை.

"இது நடந்து எவ்ளோ நாளாச்சு, அங்கிள்?"

"ரெண்டு மூணு வாரம் இருக்கும்."

"எட்டு மாசம்," என்றார் பவானேஸ்வரி. "தீபாவளியே வந்துருச்சு. உங்களுக்குச் சட்டை எடுத்தாச்சு, தெரியுமா?"

தனபாலன் சுவரைப் பார்த்தார். பிப்ரவரிக்குப் பிறகு அவர் பஸ் ஏறவில்லை. தூங்கியிருப்பார், சாப்பிட்டிருப்பார், சொல்ல ஒன்றும் இல்லை. இத்தனை மாதமும் அவருக்கு, அந்த மோட்டார்காரர் திரும்பிப் பார்த்த அளவுக்குக்கூட நீளவில்லை.

ஷாமினி கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டார்.

"கோர்ட்ல நீங்க ஒன்னும் பேச வேணாம், அங்கிள். வீடியோவ மட்டும் காட்டறேன்."

"நான் பேசாம இருந்தா, அது பொய்யில்லையாம்மா?"

"இல்ல அங்கிள்."

"சரி," என்றார்.

விசாரணை வரும் செவ்வாய்க்கிழமை. தனபாலன் சாட்சிக் கூண்டில் ஏறப்போவதில்லை.