கேட்காமல் கொடுத்த சிரிப்பு

சுட்டுவிரலை உயர்த்தி "உஷ்" என்கிறார். படியேறிக்கொண்டிருந்த குடித்தனக்காரர், ஒரு கால் மேல்படியிலும் ஒரு கால் கீழ்ப்படியிலுமாக அப்படியே நிற்கிறார். லிஃப்ட் கதவு பாதி மூடி, எதிலோ இடித்துக்கொண்டு, முனகியபடி மறுபடி திறக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒலிப்பதிவுக் கருவி அதன் முன்னால் நீண்டிருக்கிறது. கதவு இன்னொரு முறை முனகி முடித்த பிறகுதான் விரல் இறங்குகிறது. "இப்ப போங்க சார், ரொம்ப நன்றி. இனிமேதான் கதவைச் சரி பண்ணணும்." பழுதைப் பார்ப்பதற்கு முன்னால் பழுதின் சத்தத்தைப் பிடித்து வைப்பது அவர் வழக்கம். சரியாகிவிட்டால் அந்தச் சத்தம் திரும்ப வராதே என்பார்.

தொழில், லிஃப்ட் மெக்கானிக். வேலை பார்க்கும் கட்டடங்களில் எல்லாம் அவருக்கு 'உஷ் அண்ணன்' என்றுதான் பெயர். அவர் வந்தால் லிஃப்ட் ஓடும், ஆனால் கொஞ்ச நேரம் யாரும் வாயைத் திறக்க முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும்.

பிடித்த சத்தங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் இருமலையும் செருமலையும் கணினியில் வெட்டியெறிந்து, ஒலிகளைப் பகிர்வதற்கென்றே இருக்கும் ஓர் இணையதளத்தில் ஏற்றிவிடுவார். எந்த உரிமத்தில் கொடுக்கிறாய் என்று அந்தத் தளம் கேட்கும். எடுப்பவர்கள் என் பெயரைச் சொல்ல வேண்டும் எனலாம். வியாபாரத்துக்குக் கூடாது எனலாம். இவர் கண்ணை மூடிக்கொண்டு கடைசிக் கட்டத்தைத் தட்டுவார்: யாரும் எடுக்கலாம், எதற்கும், கேட்காமலே. "சத்தத்துக்கு எதுக்குங்க வேலி? நான் பாட்டுக்குப் பிடிச்சேன், அவங்க பாட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டும்." கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது என்று அதன் கீழேயே எழுதியிருக்கும். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற பழக்கமே இல்லாத மனிதர், அந்த வரி அவரை உறுத்தியதேயில்லை.

கொடுப்பதில்தான் இந்தத் தாராளம். எடுப்பதில் பயங்கரக் கறார். ஒரு கடையின் ஷட்டர் இறங்கும் சத்தம் வேண்டுமென்றால் முதலில் கடைக்காரர் முன்னால் போய் நிற்பார். "உங்க ஷட்டர் சத்தம் நெட்ல போகும். சினிமாவுல வைப்பாங்க, விளம்பரத்துல வைப்பாங்க. அப்புறம் வேண்டாம்னு சொன்னா நடக்காது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க." கடைக்காரர், "எண்ணெய் போட்டுட்டு எடுத்துட்டுப் போங்க" என்பார். எண்ணெய் போட்டால் சத்தம் போய்விடும், எடுத்த பிறகு போடுகிறேன் என்று இவர் பேரம் பேசுவார். பக்கத்து வீட்டு நாய் குரைப்பதை எடுக்க, அதன் சொந்தக்காரர் வெளியூரிலிருந்து திரும்பும்வரை காத்திருந்தார். அதற்குள் நாய் இவரோடு சிநேகமாகி இவரைப் பார்த்துக் குரைப்பதையே விட்டுவிட்டது.

இப்படிப்பட்டவர் கேட்காமல் எடுத்தது ஒன்றே ஒன்று.

கூடத்து மின்விசிறியின் கரகரப்பை ஒரு மாலை பதிவு செய்துகொண்டிருந்தார். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கும் வீட்டம்மா அப்போதுதான் உள்ளே வந்தார். கணவரை மேலும் கீழும் பார்த்தார். சட்டை உள்பக்கம் வெளியே தெரிய, தையலும் பிசிறுமாக இருந்தது. "இதோடயா நாள் பூரா சுத்துனீங்க? ஒருத்தருமா சொல்லலை?" என்று கேட்டார். "எப்படிச் சொல்லுவாங்க? போன இடமெல்லாம் உஷ்னு சொல்லிட்டேனே" என்றார் இவர். வீட்டம்மா சிரித்தார். தொண்டையில் எதுவோ சிக்கினாற்போல் ஆரம்பித்து, மூச்சு வாங்க நின்று, பிறகு பிடி விட்டுப்போய் மேலே மேலே ஏறுகிற சிரிப்பு. கல்யாணமான புதிதில் அவரை மயக்கியதும் அதே சிரிப்புதான்.

மின்விசிறியை வெட்டிவிட்டுச் சிரிப்பை மட்டும் ஏற்றினார். 'பெண் சிரிப்பு, வீட்டுக்குள்.' வழக்கமான கடைசிக் கட்டம். அவர் ஏற்றியதிலேயே உலகம் அள்ளிக்கொண்டு போனது அதைத்தான். தன் சந்தோஷம் ஊருக்கெல்லாம் பிடித்துப்போயிற்று என்று உள்ளூர ஒரே பெருமை. வீட்டம்மாவிடம் சொல்லத் தோன்றவில்லை, கேட்கவும் தோன்றவில்லை.

அலுவலகத்தில் யாரோ கைபேசியில் காட்டிய வீடியோவில்தான் வீட்டம்மா அதைக் கேட்டார். ஒரு முதியவர் கைப்பையோடு படியில் சறுக்கி விழுகிறார். கை நீட்டி எதையோ பிடிக்கப் பார்க்கிறார். பின்னணியில் அந்தச் சிரிப்பு ஏறுகிறது.

"ஒரு வயசான மனுஷன் விழறாரு. நான் சிரிக்கிறேன்" என்றார் அன்று வீட்டுக்கு வந்து. "நான் அப்படிச் சிரிக்கிறவளா?"

இவர் வாயில் சனி. "உரிமத்துல அதுக்கு இடம் இருக்கும்மா..." என்று ஆரம்பித்தார்.

"நாய் குரைக்கிறதுக்கு அதோட சொந்தக்காரர்கிட்ட கேட்டீங்க. என்கிட்ட கேக்கலையே."

இவர் எழுந்துபோய்க் கணினியைத் திறந்தார். தளத்திலிருந்து சிரிப்பை நீக்கினார். ஏற்கெனவே எடுத்தவர்களிடம் அது இருந்துகொண்டேயிருக்கும் என்பது அவருக்கே தெரியும். வீடியோக்காரர்களுக்குக் கெஞ்சி எழுதினார். நீங்கள் கொடுத்த அனுமதிப்படிதான் பயன்படுத்தியிருக்கிறோம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. ஓர் எழுத்துக்கூடத் தப்பில்லை. இப்போதும் எங்காவது கடையில், யாருடைய கைபேசியிலாவது அது கேட்கும். வாங்க வந்ததை வாங்காமலே இவர் வெளியே வந்துவிடுவார்.

வெளியே எங்கும் கேட்கிற அந்தச் சிரிப்பு வீட்டில் மட்டும் இல்லாமல் போயிற்று. வீட்டம்மா பேசினார், தட்டு வைத்தார், இவர் உடம்பைக் கவனித்துக்கொண்டார். சிரிப்பு வந்தால் மட்டும் உதட்டோடு நிறுத்திக்கொண்டு, கருவி எங்கே இருக்கிறதென்று ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைதான் இவரைக் கொன்றது.

சென்ற வாரம் தொட்டி கழுவியதால் தண்ணீர் நின்றிருந்தது. திரும்ப வரும்போது குழாய் காற்றை இருமித் துப்புமே, அந்தச் சத்தத்துக்காகச் சமையலறையில் கருவியோடு நின்றார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வீட்டம்மா உள்ளே வந்தார்.

"உன் சமையலறை. தண்ணி வர்ற சத்தம் எடுத்துக்கட்டுமா? வேண்டாம்னா விட்டுடறேன்." முன்பின் தெரியாத கடைக்காரரிடம் கேட்பது போலவே கேட்டார்.

"என்னை எதுக்குக் கேக்கறீங்க? போய்க் குழாயைக் கேளுங்க."

இவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, குனிந்து, குழாய்க்கு நேரே முகத்தை வைத்து, "என்னங்க, எடுத்துக்கலாமா?" என்றார். குழாய் கொர்ரென்று இருமி, செம்பழுப்புத் தண்ணீரை அவர் முகத்தில் உமிழ்ந்தது.

பின்னால், தொண்டையில் எதுவோ சிக்கினாற்போல் ஆரம்பித்தது. மூச்சு வாங்க நின்றது. பிறகு பிடி விட்டுப்போய் மேலே மேலே ஏறியது.

சொட்டச் சொட்ட நின்றவரின் சுட்டுவிரல் பழக்கதோஷத்தில் உயர்ந்தது. ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு இறங்கி, கருவியின் சிவப்பு விளக்கை அணைத்தது.