குரல் போன நாளில் கிடைத்த பதில்

இரண்டாவது முறையும் "தேறவில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். உப்பளம் பகுதியில் இருக்கும் என் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து, "ஏன் ஆண்டவரே என்னை இதில் இழுத்துவிட்டீர்?" என்று சண்டை போட்டேன். அதைச் செபம் என்று சொல்ல முடியாது.

நான் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். குடும்பத் தகராறுகளைப் பேசித் தீர்க்கும் சமரசப் பயிற்சியில் சேர்ந்தேன். பேசுவதுதானே, எனக்கா வராது என்று நினைத்தேன். பயிற்சியில் இரண்டு பேர் கணவன் மனைவியாக நடிப்பார்கள். ஐந்தே நிமிடத்தில் யார் மேல் தப்பு என்று எனக்குத் தெரிந்துவிடும். சொல்லியும் விடுவேன்.

"டீச்சர், தீர்ப்பு சொல்ல ஜட்ஜ் இருக்காரு. நீங்க காது குடுத்து கேளுங்க, போதும்" என்பார் பயிற்சி தந்த வக்கீலம்மா.

கேட்டுக்கொண்டுதானே இருக்கிறேன்! எரிச்சலாக வரும். என்னோடு சேர்ந்த சின்னப் பெண்களெல்லாம் தேறிப் போனார்கள்.

கடைசி வாய்ப்பு ஒரு நிஜ வழக்கு. வக்கீலம்மா பக்கத்தில் உட்கார்ந்து கவனிப்பார். மனைவி குழந்தையோடு முத்தியால்பேட்டையில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். ஏழு மாதமாகக் கணவன் மகளைப் பார்க்கவில்லை. (இவ்வளவு சொல்ல இருவரிடமும் அனுமதி வாங்கியிருக்கிறேன்.) ஒன்பது நாள் நவநாள் செபித்தேன். "என் வாயில் நல்ல வார்த்தை தாரும். இவர்களைச் சேர்த்து வையும்."

பத்தாம் நாள் காலையில் தொண்டை கட்டிக் குரலே போய்விட்டது. கோபத்தில் அழுதேன். ஆட்டோ கோயிலைத் தாண்டியபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சொல்லும்மா" என்று சமரச அறையில் அந்த மனைவியிடம் கிசுகிசுக்கத்தான் முடிந்தது. அவள் கணவன்மேல் குற்றமாக அடுக்கினாள். வழக்கமாக அங்கேயே குறுக்கே விழுந்திருப்பேன். முடியவில்லை. அவள் நிறுத்தினாள். யாரும் பேசவில்லை. வெகு நேரம் கழித்து அவளே வாய் திறந்தாள்.

"பாப்பாவ இட்டுனு போனா திருப்பி அனுப்பமாட்டாருன்னு பயம். அதான் காட்டல."

அவன் நிமிர்ந்தான். "இத எங்கிட்ட சொல்லவே இல்லியே நீ! நீயும் கூடவே வா. பீச்சுல அர மணி நேரம் பாத்துட்டு உங்கூடவே அனுப்பிடறேன்."

அவர்கள் சேர்ந்து வாழவில்லை. அந்தக் குறை எனக்கு இன்னும் இருக்கிறது, ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டும் இருக்கிறேன். ஆனால் ஞாயிறுதோறும் அந்தக் குழந்தை அப்பாவோடு கடற்கரையில் விளையாடுகிறது. நானும் தேறினேன். வீட்டில் மருமகள் பேசினால் முடிக்கும்வரை காத்திருக்கிறேன். கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அன்பானவர்களே, கேட்டது ஒன்று, நடப்பது வேறு என்று தோன்றினால் ஆண்டவரோடு சண்டை போடுங்கள். பாதியில் மட்டும் எழுந்து போய்விடாதீர்கள். என் கோபத்தைக்கூட அவர் முழுதாகக் கேட்டார். அவருக்கு நன்றி.