தொட்டியின் தக்கை

கண்ணுங்களா, ஞாயிறுதோறும் நம் சபையில் இடம் பிடிக்கச் சண்டை போடுகிறீர்களே, உங்கள் வயதில் எனக்கு ஒரு பெஞ்சு முழுக்கச் சொந்தம். படுத்துக்கொண்டே பிரசங்கம் கேட்டிருக்கிறேன்.

ஒருகாலத்தில் ரயில்வே குடும்பங்களால் நிரம்பி வழிந்த பாப்டிஸ்ட் சபை அது, மேற்குத் தாம்பரத்தில். பெரியவர்கள் ஓய்வு பெற்று ஊருக்குப் போனார்கள்; பிள்ளைகள் டிரம்ஸ் வாசிக்கிற பெரிய சபைகளுக்குப் போனார்கள். மிஞ்சியது பதினொரு பேர், அதில் நான்கு பேர் எங்கள் வீடு. இந்த வருஷமும் ஒரு ஞானஸ்நானம் நடக்கவில்லையென்றால், சபையைப் பூட்டி நகரத்துச் சபையோடு சேர்த்துவிடுவது என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. சாவி என் மாமாவிடம் இருந்தது. அந்தப் பேச்சு வந்தாலே அவர் சட்டைப்பையைப் பொத்திக்கொள்வார்.

நம் சபையில் தலையில் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் இல்லை. ஆளை முழுக்க முக்கி எடுக்க வேண்டும். அதற்காகவே மேடைப் பலகைகளுக்கு அடியில் ஒரு சிமெண்டுத் தொட்டி. பல வருஷமாக அதில் கிழிந்த பாய்களும் கிறிஸ்துமஸ் நட்சத்திரமும்தான் கிடந்தன. அதன் அடித்துளையை அடைக்கும் ரப்பர் தக்கையை எடுத்து நான் கிரிக்கெட் ஆடி, ஜன்னல் சன்ஷேடுக்கு மேலே அடித்துவிட்டேன். அது சிக்ஸர் என்பது மட்டுமே அப்போது பெரிதாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் காட்டாங்குளத்தூரில் படிக்கும் நாகாலாந்துப் பிள்ளைகள் மூன்று பேர், மின்சார ரயில் ஜன்னலிலிருந்து எங்கள் போர்டில் 'பாப்டிஸ்ட்' என்று பார்த்துவிட்டு, தங்கள் ஊர்ச் சபையும் அதுதான் என்று தேடி வந்தார்கள். மூவரும் மூன்று குரலில் பாடியபோது காலி பெஞ்சுகளும் கூடப் பாடுவதுபோல் இருந்தது. அடுத்த மாதமே அவர்களில் இரண்டு அக்காக்கள் ஞானஸ்நானம் கேட்டார்கள்.

சனிக்கிழமை மாமா மேடைப் பலகைகளை எடுத்துவிட்டுத் தொட்டியைக் கழுவி, "தக்கை எங்கடா போச்சு?" என்றார்.

"எலி தூக்கினு போயிருக்கும் மாமா."

"எலி இன்னாத்துக்குடா ரப்பர் துன்னுது?" என்றவர், பழைய வேட்டியைச் சுருட்டித் துளையில் திணித்தார். தண்ணி லாரி வந்து தொட்டியை நிரப்பியது.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் பிரசங்கத்தை நீட்டினார். பல வருஷம் சேர்த்து வைத்திருந்த பிரசங்கம் அது. முன்வரிசையிலிருந்து பார்த்தால் தண்ணீர் இறங்குவது தெரிந்தது. இடுப்பளவு, பிறகு தொடையளவு. மாமாவும் பார்த்துவிட்டார். அவர் கை மெல்லச் சட்டைப்பைக்குப் போனது.

எனக்குப் பொறுக்கவில்லை. புது டிரவுசரோடு தொட்டியில் குதித்து, வேட்டி நழுவியிருந்த துளையைக் குதிகாலால் அழுத்திக்கொண்டேன்.

பாஸ்டர் குனிந்து பார்த்தார். "தம்பி, ஞானஸ்நானம் எடுக்க உனக்கு இன்னும் வயசு வரலப்பா."

"ஓட்டை, பாஸ்டர்."

"பிரசங்கத்த முடிச்சுக்கங்க பாஸ்டர்," என்றார் மாமா, "தண்ணி போய்க்கினே கீது."

முதலில் அம்மா சிரித்தார். பிறகு சபையே சிரித்தது. பாஸ்டரும் சிரித்துக்கொண்டே அங்கியோடு இறங்கினார். தண்ணீர் குறைவு என்பதால் அக்காக்கள் முட்டிபோட்டு முங்கினார்கள். அவர்கள் எழும்போதெல்லாம் அலை என் மூக்கில் ஏறியது. குதிகாலை நான் அசைக்கவில்லை.

எல்லாரும் கைதட்டிப் பாட, மாமா மட்டும் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். புது டிரவுசரை நான் நனைத்துவிட்ட வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாரும் பிரியாணி சாப்பிடப் பின்பக்கம் போனதும், ஜன்னல் கம்பியில் கால்வைத்து ஏறி சன்ஷேடிலிருந்து தக்கையை எடுத்தேன். வற்றிப்போன தொட்டிக்குள் இறங்கி, அதைத் துளையில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தினேன்.