சத்தம் போடாத பிள்ளை

நான் முதல் தடவை மயங்கி விழுந்தபோது என் நாத்தனார் சர்க்கரை வாங்கிவர ஆள் அனுப்பினார். மலாயாவில் ஈப்போ நகரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. குழாயடியில் குடத்தைத் தூக்கினேன், கண் இருட்டிவிட்டது. விழித்துப் பார்த்தால் சுற்றிலும் எல்லோரும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். புதுப்பெண் மயங்கி விழுந்தால் நம்மவர்களுக்கு ஒரே அர்த்தம்தான். நெற்றியில் ரத்தம் வழிந்ததைப் பார்க்க ஆளில்லை, வாயில் சர்க்கரை போட மட்டும் நாலு பேர் வந்தார்கள்.

அவர்கள் நினைத்ததும் பொய்யில்லை, நான் முழுகாமல்தான் இருந்தேன். அதனால் அடுத்தடுத்து விழுந்தபோதும் யாரும் கவலைப்படவில்லை. பிரசவத்துக்குச் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த அம்மா வீட்டுக்குப் போனேன். அங்கே ஒரு நாள்கூட மயக்கம் வரவில்லை. பையன் பிறந்தான். அவனைத் தூக்கிக்கொண்டு ஈப்போ திரும்பினேன். மயக்கமும் திரும்பி வந்தது.

என் கணவர் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் கிராணி. அவரை வளர்த்து ஆளாக்கிய விதவை அக்காதான் வீட்டை நடத்தினார். அவருக்கு என் மயக்கத்தில் சந்தேகம் வந்துவிட்டது.

"தாய் வூட்டுல கல்லு மாதிரி இருக்கா. இங்க வந்தா மட்டும் சரிஞ்சி சரிஞ்சி விழறா. புருஷன் வூடு கசக்குது போல" என்று எனக்குக் கேட்கும்படி தம்பியிடம் சொன்னார்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "விழுந்து காட்டுறதுக்கு நான் என்ன கூத்தாடியா அண்ணி?" என்று கேட்டுவிட்டேன். கணவர் யார் பக்கமும் சேராமல் குடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். நாத்தனார் பேச்சைவிட அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

பையன் ஆறு மாதம்கூட இருக்கவில்லை. காய்ச்சல் இல்லை, பேதி இல்லை. பால் குடித்துக்கொண்டிருந்தவன் திடீரென்று நீலம் பாய்ந்து என் மடியிலேயே போய்விட்டான். காற்று கருப்பு என்றார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம், அழுது தொந்தரவு செய்யாத தங்கமான பிள்ளை என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். எனக்கும் அது ஒரு ஆறுதலாக இருந்தது.

அடுத்தது பெண். அதே மாதிரி அம்மா வீட்டில் பெற்றேன், அதே மாதிரி திரும்பி வந்தேன். ஒருநாள் பாசாரில் குழந்தையோடு விழுந்தேன். கீரை விற்ற அம்மாள் பாய்ந்து குழந்தையைப் பிடித்திருக்காவிட்டால் சிமெண்டுத் தரையில் அதன் தலை சிதறியிருக்கும். கூட வந்திருந்த நாத்தனார் அன்றுதான் மிரண்டார். கணவருக்கு ஆள் அனுப்பி, எல்லோருமாக ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் தமிழர். என் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினார். பிசைந்த மாவில் அழுத்தினது போல் குழி அப்படியே நின்றது. முழங்காலைத் தட்டிப் பார்த்தார், கால் அசையாமல் தொங்கியது. நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு, "வீட்டுல என்ன அரிசி சாப்பிடுறீங்க?" என்றார்.

நாத்தனாருக்குப் பெருமை தாங்கவில்லை. "சயாம் பச்சரிசிங்க. மல்லிப்பூ மாதிரி இருக்கும். தோட்டத்துல பொங்குற ரங்கூன் புழுங்கலெல்லாம் எங்க வூட்டுல ஏறாது."

"கூட என்ன?"

"பால் குடுக்கிற பொண்ணாச்சுங்களே. பருப்பு வாயு, கீரை குளிர்ச்சி. மொளகு ரசமும் கருவாடும்தான் குடுக்கிறேன்."

"அதாம்மா வியாதியே" என்றார் டாக்டர். "இது பேரு பெரிபெரி. அரிசியைத் தீட்டத் தீட்ட அதுல உள்ள சத்து தவிட்டோட போயிடுது. புழுங்கல்ல அது உள்ளேயே தங்கும். இங்க ஈயச் சுரங்கத்துல வெள்ளை அரிசி தின்ன சீனங்க எத்தனையோ பேர் இப்படி விழுந்து செத்திருக்காங்க. தோட்டத்து ஜனங்க புழுங்கலைத் தின்னுதான் தப்பிச்சாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சோறா? நான் ஆசையாகச் சாப்பிட்ட அந்த வெள்ளைச் சோறா? கணவர் பகலில் ஆபீஸ் பக்கத்து மாமாக் சாப்பாட்டுக் கடையில் பருப்பும் கறியுமாகச் சாப்பிடுகிறவர், தப்பிவிட்டார். நாத்தனாருக்குக் கால் மரத்துப்போவதை நாங்கள் வயது என்று விட்டிருந்தோம். எங்கள் கோழிகள் மட்டும் கடையில் வாங்கின தவிட்டைத் தின்று கொழுகொழுவென்று ஓடிக்கொண்டிருந்தன.

அப்போது என் மடியில் குழந்தை அழ ஆரம்பித்தது. வாய் திறந்தது, முகம் சிவந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. டாக்டர் சட்டென்று குனிந்தார்.

"எப்பலேருந்து இப்படி?"

"இவளும் அமைதிங்க. மூத்தவனும் இப்படித்தான், கடைசியில அழவே மாட்டான்" என்றேன்.

"மூத்தவன் எங்கே?"

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குப் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்தி, "அழாம இல்லம்மா. அழுதிருக்கான், தொண்டையில குரல் வரல. தாய்ப்பால்ல சத்து இல்லாட்டி பிள்ளைக்கு அப்படித்தான் ஆகும்" என்றார்.

கணவர் அங்கேயே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகைகூட வரவில்லை. பசித்தும் வலித்தும் கத்திக்கொண்டே இருந்தவனை நாங்கள் தங்கம் என்று கொஞ்சியிருக்கிறோம்.

அன்றே தாய்ப்பாலை நிறுத்தச் சொன்னார். குழந்தைக்கு டின் பாலும், தவிட்டிலிருந்து எடுத்த சாறும் சொட்டுச் சொட்டாக. எனக்குப் புழுங்கல் சோறும் பாசிப்பயறும். பிழைக்குமா என்று கேட்டதற்கு, பார்ப்போம் என்று மட்டும் சொன்னார். நாத்தனார் வீட்டுக்கு வந்ததும் பச்சரிசி மூட்டையைத் தானே இழுத்துப்போய் வாசலுக்கு வெளியே தள்ளினார்.

சில நாள் கழித்து, நாங்கள் மூன்று பேரும் வீட்டில் இருந்தபோது, தொட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. முதலில் கரகரவென்று, பிறகு தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒரு வீறல்.

நாத்தனார் சேலை முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். "மூத்தவனும் கடைசியில இப்படித்தான் கத்தியிருப்பான், நமக்குக் கேக்காமலே போச்சேம்மா" என்றார்.

குழந்தை கைகாலை உதைத்து வீறிட்டுக்கொண்டே இருந்தது. கணவர் தூக்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன், இன்னும் கொஞ்சம் அழட்டும் என்று.